ஏழையின் சிரிப்பு

அன்புள்ள ஐயா,

பத்து வருடத்துக்கு முன்பு வாங்கியதைப்போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறேன். கடன் இல்லை. ஆனால் மகிழ்ச்சியும் இல்லை. ஓர் அளவுக்கு மேல் பணத்தால் பயனில்லை என்று அமெரிக்க ஆய்வே சொல்கிறதாம். கட்டட வேலை செய்கிறவர்கள் மதியம் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறேன். பணமில்லாதவர்கள்தான் உண்மையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்களோ? வேலையை விட்டுவிட்டு எளிமையாக வாழலாமா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்வது 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் வெளியிட்ட ஆய்வு. ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை அதற்கு மேல் உயர்வதில்லை என்றார்கள். எல்லாரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், வசதியாக இருக்கிறது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற இன்னோர் ஆய்வாளர், அப்படியில்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். கானமன் முறுக்கிக்கொள்ளாமல் அவரோடு சேர்ந்து தரவுகளை மறுபடி அலசினார். 2023-இல் வந்த முடிவு இது: பெரும்பாலானோருக்கு ஏறத்தான் செய்கிறது. ஏற்கெனவே துயரத்தில் இருக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. சாவு, பிரிவு, மனச்சோர்வு இவற்றையெல்லாம் சம்பள உயர்வு தொடுவதில்லை. நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் சிரிப்பைப் பற்றிய வரியில். கொஞ்ச நாளாகவே இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் பார்த்தது அவர்களுடைய அரை மணி நேரம். அதை வைத்து அவர்கள் வாழ்க்கைக்கே சான்றிதழ் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

என் அப்பாவும் நன்றாகச் சிரிப்பார். நாலு பேர் கூடினால் அவர்தான் பேசுவார், கவலையே இல்லாத மனிதர் என்று பெயர். மாதக் கடைசியில் வாசல் கதவு சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும். "யாருன்னு பாரு" என்று என்னை அனுப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். பாடம் ஒப்பிக்க அவர் முன்னால் நிற்பேன். கண் என்மேல் இருக்கும், உதடு மட்டும் தனியாக அசையும். யாருக்கு இந்த மாதம் கொடுப்பது, யாருக்குத் தவணை சொல்வது என்று கணக்கு ஓடும். நான் முடித்த பிறகு, "என்ன சொன்னே?" என்பார். என்மேல் பிரியமில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எப்போதாவது நிலுவைப் பணம் கைக்கு வந்தால் அதே மனிதர் பாடப் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்பார், தப்பைப் பிடிப்பார்!

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. அறுவடைக்கு முன்பு கை வறண்டிருக்கும்போதும், பிறகு பணம் வந்தபோதும், அதே ஆட்களுக்கு ஒரே மாதிரியான அறிவுச் சோதனைகள் வைத்தார்கள். முன்பு மோசமாகச் செய்தவர்கள் பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். மண்டையில் ஓடும் அந்தக் கணக்கு நின்றதுதான் காரணம் என்று நான் வாசிக்கிறேன். அப்பாவைப் பார்த்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? பணத்தை இகழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அல்லது மறந்துபோயிருக்கும். இல்லாமையைப் பார்த்து ஏங்குகிற பணக்காரனைவிட, பணத்தைப் பார்த்து ஏங்குகிற ஏழை எவ்வளவோ நேர்மையானவன்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? சரி. கணக்கு ஓடாத மண்டை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை வைத்து யார் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறீர்கள்? உங்கள் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, முன்பின் தெரியாத கட்டடத் தொழிலாளர்கள்கூட இருக்கிறார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அதற்குள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.