மசாஜ் பழகும்போது கட்டைவிரல் வலிப்பது ஏன்?
பயிற்சியில் சேர்ந்து இரண்டே மாதத்தில் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது, என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். விரல் பலத்தால் அழுத்துகிறீர்கள், அதுதான். அந்த மூட்டு பல பக்கமும் திரும்பி வளைவதற்கு அமைந்தது. நுனியில் கொடுக்கிற அழுத்தம் அங்கே பல மடங்காக இறங்கும்.

முதலில் மேசை உயரத்தைப் பாருங்கள். பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல்முட்டி மேசையைத் தொட வேண்டும். அதைவிட உயரமென்றால் தோளும் விரலும்தான் மல்லுக்கட்டும். ஒரு காலை முன்வைத்து, முழங்கையை ஏறக்குறைய நேராக்கி, உடம்பை மெல்லச் சாய்த்துக்கொள்ளுங்கள். எடை தானாக இறங்கும். முதுகுக்கும் தொடைக்கும் முன்கையே போதும், கட்டைவிரலைச் சின்ன இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

“இன்னும் அழுத்துங்க” என்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். சொல்பவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். தசை இறுகி எதிர்க்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், ஆழமாக இறங்கியதாக அவரே சொல்வார்.

அப்புறம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.