இம்போர்ட் சரி, ராண்ட்இண்ட் மட்டும் இல்லை என்கிறதா?

வணக்கம். பகடை நிரலில் 'இம்போர்ட் ரேண்டம்' போட்டும் ராண்ட்இண்ட் (ஏதாவது ஒரு எண்ணைத் தற்செயலாக எடுத்துத் தரும் கட்டளை) இல்லை என்று பைத்தான் சொல்கிறது, மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தைப் பாருங்கள்: கோப்பின் பெயரே ரேண்டம்.பை. சிக்கல் அங்கேதான்.

இம்போர்ட் என்றதும் பைத்தான், நீங்கள் ஓட்டும் கோப்பு இருக்கிற ஃபோல்டரில்தான் முதலில் தேடும். தன்னோடு வந்த ரேண்டம் மாட்யூலை, அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பை, தேடி அதற்குப் பிறகுதான் போகும். அதனால் உங்கள் கோப்பு தன்னையே இழுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தியின் கடைசியில் 'சர்க்குலர் இம்போர்ட்' (சுற்றிச்சுற்றித் தன்னையே இழுப்பது) என்று வருவதும் இதனால்தான். (பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து, கோப்பின் பெயரை மாற்றச் சொல்லி செய்தியிலேயே வந்துவிடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரிய உதவி அது.)

டைஸ்.பை என்று பெயர் மாற்றி ஓட்டுங்கள், போதும். பிப் (கூடுதல் மாட்யூல்களை இறக்கும் கருவி) போட்டு எதையும் இறக்காதீர்கள். ரேண்டம், மேத், டேட்டைம் எல்லாம் பைத்தானுடனேயே வருபவை. இந்தப் பெயர்களைக் கோப்புக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று: ராண்ட்இண்ட்(1, 6) என்றால் 6-உம் விழும். ராண்ட்ரேஞ்ச்(1, 6) 5-உடன் நின்றுவிடும். பகடைக்கு நீங்கள் எழுதியதுதான் சரி. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.