லண்டனில் ஒயினுக்காக ஓர் உணவகம்: கேளுங்கள், சொல்கிறேன்

பதினொரு வருடம் லண்டன் உணவகங்களில் ஒயின் பாட்டில் திறந்து ஊற்றியவன் நான். இப்போது வேறு வேலை. அதனால் எந்தக் கடைக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. போன வாரம் "கேளுங்கள்" என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹாரோவிலிருந்து: அண்ணா, நல்ல ஒயின் லிஸ்ட் என்று எதை வைத்துச் சொல்வது? தடியாகப் புத்தகம் மாதிரி இருந்தால் நல்லதா?

இலையில் முப்பது வகை வைத்துவிட்டு ரசத்தில் கோட்டை விட்ட கல்யாணங்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அதே கதைதான். கோவென்ட் கார்டனில் 'தி டென் கேசஸ்' என்று ஒரு சின்ன இடம். வெள்ளை பத்து, சிவப்பு பத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பெட்டி மட்டும் வாங்குவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், வேறொன்று வரும். லிஸ்ட் ஒரு பக்கம்கூட வராது, ஆனால் அதில் ஏமாறுவது கஷ்டம். இதற்கு நேர் எதிர் பெர்மண்ட்சியில் உள்ள 'ட்ரிவெட்'. அங்கே லிஸ்ட்டை நாடுவாரியாகப் போடாமல் ஒயினின் வரலாற்று வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஜார்ஜியா, துருக்கி என்று கிறிஸ்துவுக்கு ஏழாயிரம் ஆண்டு முந்தைய காலத்தில் தொடங்கும். பிரான்ஸ் வருவதற்குள் பசி வந்துவிடும். ஆனாலும் படிக்கப் படிக்கச் சுவாரசியம்.

நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது லிஸ்ட்டின் மலிவான ஐந்து பாட்டில்களை. ஆயிரம் பவுண்டு போர்தோவை, அதாவது பெயர்பெற்ற பிரெஞ்சு ஒயினை, பணம் இருக்கிற யாரும் வாங்கி அடுக்கலாம். முப்பத்தைந்து பவுண்டுக்குள் குடிக்கத் தகுந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கத்தான் உழைப்பு வேண்டும். அந்த வரிசையில் தயாரிப்பாளர் பெயரும் திராட்சை அறுத்த வருடமும் ஒழுங்காக இருந்தால் உட்காருங்கள். 'ஹவுஸ் ரெட்' என்று மொட்டையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்.

டூட்டிங்கிலிருந்து: லிஸ்ட்டில் இரண்டாவது மலிவான பாட்டிலைத்தான் கஞ்சன் என்று தெரியாமலிருக்க எல்லோரும் வாங்குவார்களாம். அதனால் கடைக்காரர்கள் அதில்தான் அதிகம் அடிப்பார்களாமே?

நானும் வெகுநாள் இதை நம்பிப் பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸையும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், லண்டன் உணவகங்கள் இருநூறுக்கு மேல் எடுத்து விலைகளை ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாவது மலிவு பாட்டிலில் அப்படியொன்றும் கொள்ளை இல்லை. சதவீதக் கணக்கில் மார்க்கப், அதாவது வாங்கிய விலைமேல் ஏற்றுவது, உச்சத்துக்குப் போவது லிஸ்ட்டின் நடுவில்தான். 'மலிவும் வேண்டாம், ரொம்ப விலையும் வேண்டாம்' என்று நாம் கை வைப்போமே, அந்த இடம்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: கடையில் 12 பவுண்டுக்குக் கிடைப்பதை உணவகத்தில் 40 என்கிறார்கள். நியாயமா தம்பி?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் அண்ணா. உணவகம் வரியில்லாமல் 10 பவுண்டுக்கு வாங்குகிறது என்று வையுங்கள். மூன்று மடங்கு போடுவது இந்த ஊரில் சாதாரணம், ஆக 30. அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி, லிஸ்ட்டில் 36 என்று நிற்கும். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏறினால் 40 பவுண்டு 50 பென்ஸ். அந்த மூன்று மடங்கில்தான் வாடகை, சம்பளம், உடைகிற கண்ணாடி எல்லாம் அடங்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலான இடங்களில் விருப்பப்பட்டால் தருவதுதான், எடுக்கச் சொல்லலாம். அது ஊழியர்களுக்கே முழுசாகப் போக வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டமே இருக்கிறது. அதனால் நான் எடுக்கச் சொல்வதில்லை.

எல்லோரும் மூன்று மடங்கு போடுவதில்லை. சோஹோவில் லெக்ஸிங்டன் தெருவில் 'ஆண்ட்ரூ எட்மண்ட்ஸ்' என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பழைய இடம், மெனுவைக் கையால் எழுதுவார்கள். குறைந்த லாபத்துக்கு நல்ல பாட்டில் விற்பதற்கென்றே பெயர் வாங்கியது. நாற்காலிதான் ஒடுக்கம், முழங்கால் இடிக்கும். சந்தேகம் வந்தால் மேஜைக்கடியில் போனை எடுத்து 'ஒயின்-சர்ச்சர்' தளத்தில் கடை விலையைப் பாருங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பக்கத்து மேஜைக்காரரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

லூயிஷமிலிருந்து: அண்ணை, எங்கட கலியாண நாள் வருது. மனுசிக்கு உறைப்பு இல்லாட்டிச் சாப்பாடு இறங்காது. ஒயினும் வேணும். எங்க போறது?

முதலில் வாழ்த்து! மேரிலபோனில் 'த்ரிஷ்னா' போங்கள். கடலோர இந்தியச் சாப்பாடு, மிஷலின் நட்சத்திரமும் உண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் எந்த ஒயின் என்று யோசித்துத் தருவார்கள். ஒயின் பேரிங் என்றால் பலர் முகம் சுளிப்பார்கள், நானும் சில இடங்களில் சுளித்திருக்கிறேன். மசாலாச் சாப்பாட்டுக்கு மட்டும் அது உதவும்.

காரணம் எளிது. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் உறைப்பைக் கூட்டிவிடும். பாக்கு மென்றுகொண்டே மிளகாய்ப் பொரியலைக் கடித்தது போலிருக்கும். ஜெர்மனியின் மோசல் பக்கத்து ரைஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதிலும் 'கபினெட்' என்று போட்டது, எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹால்தான். கொஞ்சம் இனிப்பு, நன்றாகப் புளிப்பு. நண்டுக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்யும். "இனிப்பு ஒயின் பொம்பிளையள் குடிக்கிறது" என்று யாராவது சொன்னால் அவர் பங்கையும் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெம்ப்ளியிலிருந்து: வாசலில் ஒயின் விருதுப் பலகை மாட்டியிருக்கும் கடைகளை நம்பலாமா?

2008இல் அமெரிக்க எழுத்தாளர் ராபின் கோல்ட்ஸ்டீன் மிலான் நகரில் இருப்பதாக ஓர் உணவகத்தைக் காகிதத்தில் மட்டும் உருவாக்கி, 'வைன் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் விருதுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தார். சிறப்பு லிஸ்ட் என்று அவர் சேர்த்தது, அதே பத்திரிகை முன்பு மோசம் என்று மதிப்பெண் போட்ட ஒயின்களை! விருது வந்துவிட்டது. எல்லா விருதும் அப்படியென்று சொல்லமாட்டேன். பலகை இருக்கிறது என்பதற்காகவே உள்ளே போகாதீர்கள், அதற்காகவே திரும்பியும் வராதீர்கள்.

கிராய்டனிலிருந்து: கம்பெனி விருந்தில் லிஸ்ட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் புரியவில்லை. வாடிக்கையாளர் எதிரில் பட்ஜெட்டையும் சொல்ல முடியாது.

பெயரைப் படிக்காதீர்கள், விலையின் மேல் விரலை வையுங்கள். சொமெலியே, அதாவது ஒயினைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், பார்க்கும்படி வைத்து, "இது மாதிரி ஒன்று யோசிக்கிறேன், மீன்தான் சாப்பிடப்போகிறோம்" என்று சொன்னால் போதும். விரல் 45இல் இருப்பதை அவர் பார்த்துவிடுவார், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. இந்தப் பாஷை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் புரியும். விரல் 45இல் இருக்கும்போது 90க்கு ஒன்றை எடுத்துச் சொல்பவர் இருந்தால், அந்த உணவகத்தின் லிஸ்ட் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் எனக்கு அது மோசமான உணவகம்.

ஹௌன்ஸ்லோவிலிருந்து: கொஞ்சமாக ஊற்றிவிட்டு நம் முகத்தையே பார்க்கிறார்களே, அப்போது என்ன சொல்ல வேண்டும்?

பிடித்திருக்கிறதா என்ற கேள்வி இல்லை அது, கெட்டிருக்கிறதா என்ற கேள்வி. முகர்ந்தால் போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கினால் கெட்டது, கூசாமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

அதற்கு முன்னால் லேபிளைப் பாருங்கள். ஓர் உணவகத்தில் (பெயர் வேண்டாமே) லிஸ்ட்டில் 2015 என்று போட்டிருந்ததை வரவழைத்தேன். வந்தது 2018. கொண்டுவந்தவர் நான் கேட்கும்வரை வாய் திறக்கவில்லை. கேட்டதும் "அதுவும் நல்ல வருடம்தான் சார்" என்றார். இருக்கலாம், ஆனால் நான் காசு கொடுப்பது அதற்கில்லையே. ஊற்றுவதற்கு முன் சொன்னால்தான் திருப்ப முடியும்.

இல்ஃபோர்டிலிருந்து: சொந்த பாட்டிலைக் கொண்டுபோக விடுகிற இடம்?

வைட்சேப்பல் 'தய்யப்ஸ்'. பஞ்சாபிச் சாப்பாடு, மது விற்பதில்லை, நீங்கள் கொண்டுபோனால் தடுப்பதும் இல்லை. ஆட்டுச் சாப்ஸ் சட்டியில் புகைந்துகொண்டே வரும், வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். மற்ற உணவகங்களில் கார்க்கேஜ், அதாவது சொந்த பாட்டிலைத் திறக்கக் கட்டணம், வாங்குவார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது மரியாதை. அவர்கள் லிஸ்ட்டிலேயே இருக்கிற ஒயினைக் கொண்டுபோகாதீர்கள். திறந்ததும் சொமெலியேவுக்கு ஒரு வாய் கொடுங்கள், அடுத்த தடவை உங்களை ஞாபகம் இருக்கும்.

ஃபின்ச்லியிலிருந்து: தனியாகப் போகும் பெண் நான். ஒரே கிளாஸ்தான் குடிப்பேன். மதிப்பார்களா அண்ணா?

மதிக்காத இடத்தில் உங்களுக்கு வேலை இல்லைம்மா. 'நோபிள் ராட்' போங்கள், முதலில் பத்திரிகையாகத் தொடங்கி 2015இல் லேம்ப்ஸ் கான்டுயிட் தெருவில் உணவகமானது. கிளாஸ் கணக்கில் அங்கே கிடைப்பவை வேறு இடங்களில் பாட்டிலாகவே கிடைப்பது அபூர்வம். முன்பக்கம் பார் மேஜையில் தனியாகப் புத்தகத்தோடு உட்காரலாம். 125 மில்லி கிளாஸ் கேளுங்கள். கிளாஸில் விற்கும் இடங்கள் அந்த அளவைத் தந்தாக வேண்டும் என்பது விதி. கேட்காவிட்டால் 175ஐ நீட்டுவார்கள்.

எம்பாங்க்மென்ட் பக்கம் 1890இல் தொடங்கிய 'கோர்டன்ஸ்' என்ற குகை மாதிரியான ஒயின் பாருக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், பீர்கூட இல்லாமல் ஒயின் மட்டும் விற்பார்கள். லிஸ்ட்டுக்காக அல்ல, அந்த இருட்டுக்காக.

மீண்டும் ஹாரோ, வேறொருவர்: எனக்கு ஒயினே பிடிக்காது. வீட்டுக்காரிக்காகப் போகிறேன். நான் என்ன கேட்பது?

குழாய்த் தண்ணீர். மது விற்க உரிமம் உள்ள இடத்தில் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். வண்டியையும் நீங்களே ஓட்டிவிடலாம்.