முதலெழுத்துகளில் ஒளிந்திருக்கும் சொற்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லடி வாசகி: சேர், வரிகளின் முதலெழுத்தைச் சேர்த்தால் 'மட்டக்களப்பு' என்று வரும்படி கவிதை எழுதுகிறேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

நிற்கத்தான் செய்யும். புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. மரபுப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் முதலில் வரா. மட்டக்களப்பில் எட்டு எழுத்து. ம, க, பு மூன்றில்தான் வரி தொடங்கலாம். 'அம்பாறை' என்றாலும் அ, பா இரண்டுதான் தேறும். ஆங்கிலத்தில் சுலபமாக நடக்கிற இந்த விளையாட்டு நம் மொழியில் முரண்டுபிடிப்பது இதனால்தான்.

வாவி, கவிதை, மாதவி, வாசுகி மாதிரிச் சொல்லை எடுத்தால் சிக்கலே இல்லை. மட்டக்களப்புதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு வரியின் இரண்டாம் எழுத்தில் ஒளித்துவையுங்கள். இமயம், பட்டம், கடல், பக்கம், நகரம், வளம், உப்பு என்று வரிகளைத் தொடங்கலாம். கடைசி 'பு'வுக்கு மட்டும் கொஞ்சம் தேட வேண்டும். ஆனால் அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையை மறந்துவிட வேண்டியதுதான், அதனால் புதுக்கவிதையாகவே எழுதுங்கள்.

காரைதீவு வாசகர்: சுவாமி விபுலாநந்தரின் 'வெள்ளைநிற மல்லிகையோ' பாட்டில் ஏதும் மறைந்திருக்கிறதா?

முதல் நான்கு அடிகள் வெ, வ, வெ, உ என்று தொடங்குகின்றன. அதில் சொல் எதுவும் இல்லை. இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: வெள்ளை, வள்ளல், வெள்ளை, உள்ளக் கமலம். நான்கிலும் 'ள்'. எதுகை! மரபுப் பாட்டில் அடியின் தொடக்கம் எதுகைக்கும் மோனைக்கும் ஏற்கனவே எழுதிக் கொடுத்த இடம். அங்கே இரகசியம் வைக்க இடம் குறைவு.

ஆரையம்பதி மாணவன்: அப்படியென்றால் தமிழில் சொல்லை ஒளிக்கும் வழக்கமே இல்லையா, சேர்?

என்ன தம்பி, இப்படிக் கேட்டுவிட்டீர்! நம்மவர்கள் ஒரு சொல்லை அல்ல, ஒரு முழுப் பாட்டையே இன்னொரு பாட்டுக்குள் ஒளித்தார்கள். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் பாட்டுகளில், காதைகரப்பு என்று ஒன்று உண்டு. பாட்டின் முடிவிலிருந்து பின்னோக்கி, ஓரெழுத்து விட்டு ஓரெழுத்துப் படித்தால் வேறொரு பாட்டு வரும். கரந்துறைச் செய்யுளும் அந்த இனம். முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றுக்குச் சம்பந்தரின் 'யாமாமா நீயாமாமா' பதிகம் இருக்கிறது. இவற்றை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று வாசகர்: ஒரு சிறுகதையில் அடுத்தடுத்த மூன்று பந்திகளின் முதலெழுத்து 'கவிதை' என்று வருகிறது. வேண்டுமென்றே செய்ததா?

சந்தேகம்தான். க, வ, த வரிசைகளில் தொடங்கும் சொற்கள் ஏராளம். மூன்றெழுத்துச் சொல் தானாகவே விழும். சொல் நீளமாக இருக்கிறதா, பாட்டு முழுவதையும் மிச்சமில்லாமல் நிரப்புகிறதா, பொருளோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் தன் இரண்டாவது ஆலிஸ் கதையை ஒரு பாட்டோடு முடிக்கிறார். அதன் 21 வரிகளின் முதலெழுத்துகள் கதைக்கு வித்தான ஆலிஸ் என்ற நிஜச் சிறுமியின் முழுப்பெயர், ஆங்கிலத்தில் 21 எழுத்து. அங்கே தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

மட்டக்களப்பு நகர வாசகி: விவிலியத்தின் 119ஆம் சங்கீதம் ஏன் அவ்வளவு நீளம்?

எபிரேய அரிச்சுவடியில் 22 எழுத்து. எழுத்துக்கு எட்டு வசனம், ஆக 176. அந்தந்த எட்டு வசனமும் அதே எழுத்தில் தொடங்கும். மொழிபெயர்ப்பில் அது தெரியாது. நம் ஆத்திசூடி அகர வரிசையில் போவதும் இதே மாதிரித்தான்.

சம்மாந்துறை வாசகர்: மகளின் பெயர் 'ர'வில் தொடங்குகிறது. வாழ்த்துப்பா எழுதலாமா?

தாராளமாக. ரயில், ரோஜா என்று இன்று எல்லோரும்தானே எழுதுகிறோம். 'ரசித்து' என்று தொடங்கிப் பாருங்கள்.