அந்த 'லை'க்கு ஏன் தும்பிக்கை?

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் அரிசி மண்டியின் பலகையில் 'அண்ணாமலை' என்ற பெயர் விநோதமாக இருக்கிறது. ணா-வுக்குக் காலே இல்லை, லை-யின் தலையில் ஏதோ சுழித்துக்கொண்டு நிற்கிறது. எழுதியவர் தப்பு விட்டுவிட்டாரா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தப்பே இல்லை. வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்கள், "இது தும்பிக்கை லை-தானே" என்று சிரிப்பார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு இணைக்கொம்பு கிடையாது, யானை துதிக்கையைத் தூக்கிய மாதிரி ஒரு வளைவுதான். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காது. எழுத்தின் வாலே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். அச்சகத்துக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் இப்படி ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்க வேண்டும், பிரித்துவிட்டால் இருக்கிற ண-வும் ஒரு காலும் போதும். பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் மாற்றிக் காட்டினார், தமிழ்நாடு அரசு ஆணை போட்டதோ 1978-ல்தான். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவற்றையும் சேர்த்து மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். உங்கள் மண்டிக்காரர் பெயரிலேயே அதில் இரண்டு இருக்கின்றன, அதிர்ஷ்டசாலி!

அதற்காகப் பலகை 1978-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். கை பழகிய ஓவியர்கள் ஆணையைப் பார்த்தா எழுதினார்கள்? பக்கத்தில் அடிக்கல் ஏதாவது இருந்தால் அதில் தேதி கிடைக்கும்.

கேள்வி: ஃபிளெக்ஸ் பலகைகளில் சில நேரம் கொம்பு இடம் மாறி நிற்கிறதே, ஏன்? (வாசகர், ஈரோடு)

பதில்: என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கே இந்தக் கூத்து நடந்தது, அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன். 'சென்னை' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைத்தான் போடும், ஆனால் யூனிகோடில் கணினி ச-வை முதலில் வைத்து அதன் பிறகே கொம்பைச் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளுவது மென்பொருளின் வேலை. தமிழ் தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். கொம்பு ச-வைத் தாண்டி ன்-னுக்கு முன்னால் போய் உட்காரும், இணைக்கொம்பு கடைசியில் அநாதையாக நிற்கும். அச்சுக்குப் போகும் முன் கடையில் நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சுவரில் இருப்பது கையால் எழுதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒரே வரியில் வரும் இரண்டு க-வைப் பாருங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் கணினி. கையெழுத்தில் ஒன்றின் வயிறு கொஞ்சம் பெருத்திருக்கும். அப்புறம் வரியின் கடைசிக்கு வாருங்கள்: சுவர் தீர்ந்துபோய், 'ஸ்டோர்ஸ்' என்பதில் கடைசி ஸ் ஒல்லியாகி மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.