இருபது கஜம்

அன்புள்ள ஐயா,

நான் நான்கு வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் சொந்தமாக மரவில் செய்து மான் வேட்டைக்குப் போனதைப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கையால் செய்த நெடுவில் ஒன்று வாங்கப்போகிறேன். இழுவிசை 45 பவுண்டு போதுமா, 60 பவுண்டு எடுக்கலாமா? ஆங்கிலேயரின் பழைய வில்கள் 100 பவுண்டுக்கும் மேல் என்கிறார்களே? நண்பரின் வில்லில் பழகுகிறேன். 20 கஜத்தில் ஆறு அம்பு விட்டால் நான்கு நெருக்கமாக விழுகின்றன. அக்டோபருக்குள் 40 கஜத்துக்குப் போய்விட வேண்டும் என்பது என் திட்டம். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வல்வில் ஓரியின் ரத்தம் நமக்குள்ளும் கொஞ்சம் இருக்கும் அல்லவா? மனைவிக்கு மட்டும் இதில் விருப்பமில்லை. உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஆர்., மிச்சிகன்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை என் பழைய வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தென்காசியில் அதற்கு வேறு வேலை இல்லை. கொல்லையில் ஒரு வைக்கோல் கட்டு, நாளுக்கு ஓர் அம்பு, அவ்வளவுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. அது சரிதான் என்று நினைப்பவன் நான். ஆனால் அந்த வில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மான் ஞாபகம் வரும். அன்றும் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஓரியை விட்டுவிடுங்கள். கொல்லிமலைத் தலைவனைப் புலவர் பாடியது அழகு, எனக்கும் பிடிக்கும். அதைக் காட்டி இன்று ஓர் உயிரின்மேல் அம்பு விடத் தகுதி தேடாதீர்கள். வில் ரத்தத்தில் வருவதில்லை. விரலில் காய்ப்புக் காய்த்த பிறகு வருகிறது. 100 பவுண்டுப் பேச்சும் வேண்டாம். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 170-க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவை படையின்மேல் அம்பு பொழியச் செய்தவை. சிறுவயதிலிருந்து இழுத்துப் பழகிய தோள்களுக்கானவை. நீங்கள் பகல் முழுவதும் கணினிமுன் உட்கார்ந்திருப்பவர். மனைவி விஷயத்தில் நான் என்ன சொல்ல முடியும்? ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒருமுறை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது அந்த 40 கஜம்தான். யார் உங்களுக்கு அதை ஓர் இலக்காகச் சொன்னது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல மரவில்லிலிருந்து புறப்படும் கனமான அம்பு நொடிக்கு 160 அடி போகும். 40 கஜம் என்பது 120 அடி. போய்ச்சேர முக்கால் நொடி. நாணின் சத்தமோ நொடிக்கு 1,100 அடி வேகத்தில் ஓடுகிறது. அம்பு வழியில் இருக்கும்போதே மானின் காதில் விழுந்துவிடும். வெள்ளைவால் மான் துள்ளுவதற்குமுன் முன்னங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தும். அதற்கு அரை நொடிக்கும் மேல் அவகாசம் கொடுக்கிறீர்கள். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுத் தசையில் போய்க் குத்தும். மான் ஓரடி எடுத்து வைத்தால் போதும், வயிற்றில் குத்தும். உங்கள் குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதுதான் நடக்கும். வைக்கோல் கட்டு நகராது, மான் நகரும்.

ஆறில் நான்கு என்கிறீர்கள். மீதி இரண்டு எங்கே போயின? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. காட்டில் ஆறு அம்பு கிடையாது. குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, விரல் மரத்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது விடும் ஒரே அம்புதான். அதனால் தினமும் நீங்கள் விடும் முதல் அம்பை மட்டும் எண்ணுங்கள். நான்காவது அம்பில் உடம்பு சூடாகி, கை தானாகத் திருத்திக்கொண்டிருக்கும். அந்த அம்பு உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

இஷியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அருகே பசியோடு தனியாக வந்து நின்ற யாஹி இனத்து மனிதர். அவருடைய மக்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தன் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் மனிதன் என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப், இஷியிடம் வில் கற்றுக்கொண்டார். இஷி 1916-ல் காசநோயில் இறந்தார். இன்று அமெரிக்காவில் மரவில்லோடு காட்டுக்குப் போகிறவர்களில் பலர் அந்த இருவரிடமிருந்துதான் தங்கள் பரம்பரையைத் தொடங்குகிறார்கள்.

இஷியின் வில் நெடுவில்கூட அல்ல. ஜூனிபர் மரத்தில் தசைநார் ஒட்டிய குட்டை வில், 40, 45 பவுண்டு அளவுதான். பலகையில் குறி வைத்து 60 கஜத்தில் எய்யச் சொன்னால் அவர் பெரிய வில்லாளி இல்லை. போப்பே இதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் காட்டில் அவரோடு நடந்த அனுபவத்தைப் போப் எழுதும் தொனியே வேறு. வேட்டைக்கு முன்பு இஷி மீன் தின்னமாட்டார், ஓடையில் குளித்துவிட்டுப் போவார். விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் ஒலி எழுப்பி முயலைக் கூப்பிடுவார். தூரத்தை அம்பால் கடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காலால் கடந்தார், இல்லாவிட்டால் விலங்கைத் தன்னிடம் வரவைத்தார். வில்லை நிமிர்த்தி வைத்தால் அது களைத்துப்போய் வியர்க்கும் என்று அவர் நம்பியதையும் போப் குறித்திருக்கிறார். எனக்கு அந்த வரியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

எனக்கு வில் செய்யக் கற்றுக்கொடுத்தவர் லான்சிங் பக்கத்து கிராமத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற தொழிலாளி. ஓசேஜ் ஆரஞ்சு மரத்தைப் பிளந்து உலரவைத்த கட்டை ஒன்றைக் கொடுத்தார். மஞ்சளாக, வைரம் பாய்ந்த கட்டை. மேலே இருக்கும் வெள்ளைப் பகுதியைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே ஒரே ஓர் ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனி வரை பிடித்துக்கொண்டு போக வேண்டும். வில்லின் முதுகு அதுதான். எய்யும்போது இழுபடுவது முதுகு, நசுங்குவது நம்மைப் பார்க்கும் வயிறு. முதுகில் வளையத்தை எங்காவது வெட்டிவிட்டால் அந்த இடத்தில்தான் பிளக்கும். அப்புறம் டில்லரிங். வில்லைச் சட்டத்தில் மாட்டி, நாணை ஓரங்குலம் இழுத்து, வளைவைப் பார்த்து, விறைப்பான இடத்தில் வயிற்றைச் சுரண்டி, மறுபடி இழுத்து, மறுபடி பார்த்து. வாரக்கணக்கில் இதேதான். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குள் போன நேரத்தில், முழுதாக இழுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க 28 அங்குலம் இழுத்துவிட்டேன். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கையில் இரண்டு துண்டு. அவர் வெளியே வந்தார், பார்த்தார், அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தார். திட்டவில்லை.

இரண்டாவது கட்டையில் செய்த வில்தான் அன்று காலை எண்ணெய் தடவியது.

அந்த வில்லோடு என் மூன்றாவது அக்டோபர். வடக்கே சீடர் மரங்கள் நிறைந்த ஒரு சதுப்பின் ஓரம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பெட்டை மான் ஒன்று 32 அடிவைப்பில் நின்றது. பிறகு நானே நடந்து எண்ணிய கணக்கு அது. கோடை முழுவதும் 30 கஜத்தில் பழகியிருந்தேன், உங்களைப்போல. விட்டேன். மந்தமான ஒரு சத்தம் கேட்டது. அம்பைத் தேடி எடுத்தேன். தண்டில் பச்சைக் கசடும் நாற்றமும். இரைப்பை. அப்படிப் பட்டால் மான் கொஞ்ச தூரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் விட்டுவிட்டு விடிந்துதான் தேடிப் போக வேண்டும் என்று பெரியவர் பத்து முறை சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். ஆனால் மழை வரப்போகிறது, தடம் அழிந்துவிடும் என்று பதறி இருபது நிமிடத்தில் கிளம்பினேன். எண்பது அடி தள்ளிப் படுத்திருந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது இலைகள் இன்னும் சூடாக இருந்தன. அது எழுந்து சதுப்புக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. இரவெல்லாம் மழை. மறுநாள் எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் வலிக்கிற முழங்காலோடு என்னுடன் இரண்டு நாள் தேடினார். கிடைக்கவில்லை.

திரும்பி வந்து தன் கொல்லையில் ஒரு காகிதத் தட்டை மாட்டினார். பன்னிரண்டு அடிவைப்பில் என்னை நிறுத்தினார். நாளுக்கு ஓர் அம்பு. பத்து நாள் தொடர்ந்து தட்டில் பட்டால் ஓர் அடிவைப்பு பின்னால் போகலாம். தவறினால் ஓர் அடிவைப்பு முன்னால். அடுத்த அக்டோபரில் நான் பதினெட்டில் நின்றேன். அதற்குப் பிறகு பதினெட்டைத் தாண்டி எந்த மானின்மேலும் அம்பு விட்டதில்லை. அந்த வருடம் ஒன்பது மான்களைப் பார்த்தேன், ஒன்றின்மேலும் விடவில்லை. இப்போதும் தென்காசியில் நாளுக்கு ஓர் அம்புதான்.

சரி, உங்கள் கேள்வி. உங்கள் கை இழுக்கும் நீளத்தில் அளந்து 45 பவுண்டு இருந்தால் வெள்ளைவால் மானுக்குப் போதும். அம்பு கனமாகவும், முனை முடி மழிக்கும் கூர்மையிலும் இருக்க வேண்டும். கொல்வது வேகம் அல்ல, அந்த விளிம்பு. பக்கவாட்டில் நின்றாலோ கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றாலோ மட்டும் விடுங்கள், நேர்முகமாக நின்றால் விடாதீர்கள். 60 பவுண்டு எடுத்தால் முழுதாக இழுத்துக் குறியில் நிற்க உங்களால் முடியாது, கை நடுங்கும்.

ஆனால் இந்த அக்டோபரில் வில்லை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு மரத்தடியில் விடியற்காலையில் உட்காருங்கள். எத்தனை மான்கள் உங்களை அறியாமல் இருபது கஜத்துக்குள் வந்தன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிப்போங்கள். அந்த மாதத்தில் முயலுக்கும் பறவைக்கும் துப்பாக்கியோடு வருகிறவர்கள் இருப்பார்கள், இரண்டு பேரும் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.