வைரஸ் என்ன தின்று பிழைத்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 64 வயது. போன வாரம் விலாவில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக அக்கி வந்துவிட்டது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்ளச் சொன்னார் பெரியம்மா. மருத்துவரோ, சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் இது, உள்ளேயே இருந்திருக்கிறது என்று சொல்லி அசைக்ளோவிர் மாத்திரையை நாளைக்கு ஐந்து வேளை கொடுத்திருக்கிறார். இத்தனை வருடம் அது என்ன தின்று உயிரோடு இருந்தது? கைக்குழந்தையை அம்மாவிடம் விடலாமா?

எஸ்., காங்கேயம்

அன்புள்ள எஸ்.,

ஒன்றும் தின்னவில்லை. சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கிற ஏற்பாடோ, புரதம் கோக்கிற ரைபோசோமோ வைரஸிடம் கிடையாது. சின்னம்மை வைரஸ் என்பது சுமார் 1,25,000 எழுத்து நீள டிஎன்ஏ, சுற்றிலும் புரதக் கூடு, அதற்கு மேல் நம் செல்லிடமிருந்தே எடுத்துப் போர்த்திக்கொண்ட கொழுப்புச் சவ்வு. அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சின்னம்மை வந்தபோதே சில வைரஸ்கள் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே கூடு கழன்று, டிஎன்ஏ மட்டும் நரம்பு செல்லின் உட்கருவில் வளையமாகக் கிடக்கும். எச்ஐவி மாதிரி நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதுகூட இல்லை, சும்மா கிடக்கும். நரம்பு செல்லோ நாம் இருக்கும்வரை இருப்பது. உங்கள் அம்மா சாப்பிட்டார், செல் பிழைத்தது, இதுவும் கூடவே இருந்தது.

வயதாகும்போது, கிருமிகளைக் கண்காணிக்கும் டி செல்கள் என்ற ரத்த வெள்ளையணுக்களின் காவல் தளர்கிறது. டிஎன்ஏ விழித்துக்கொள்ள, அதே செல்லே வைரஸைத் தயாரித்துத் தருகிறது. அது நரம்பு வழியே தோலுக்கு இறங்குகிறது. ஒரு நரம்பின் எல்லை ஒரு பட்டை என்பதால்தான் ஒரு பக்கத்தோடு நின்றது.

வைரஸ் உயிரா ஜடமா என்ற சண்டை, 1935ல் அமெரிக்க விஞ்ஞானி வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பு மாதிரிப் படிகமாக்கிக் காட்டியதிலிருந்து சூடாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால், செல்லுக்கு வெளியே அது ஜடம். உள்ளே போனபின் வேலை செய்வதெல்லாம் செல்தான். வைரஸைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில் அர்த்தமில்லை.

அந்த மாத்திரை அழகான சூழ்ச்சி. விழுங்கும்போது அது செயலற்றது. அது வேலை செய்ய அதன்மேல் பாஸ்பேட் என்ற வேதித் துண்டுகள் மூன்றை மாட்ட வேண்டும். முதலாவதை மாட்டுவது வைரஸின் சொந்த நொதி, மீதி இரண்டை மாட்டுவது நம் செல். அப்புறம் டிஎன்ஏ எழுத்து மாதிரி வேஷம் போட்டு வைரஸின் சங்கிலிக்குள் நுழைந்து, அடுத்த எழுத்து சேரவிடாமல் நிறுத்திவிடும். வைரஸ் இயங்காத செல்லில் அதற்கு வேலையே இல்லை. சும்மா கிடக்கும் டிஎன்ஏவையும் அதனால் தொட முடியாது.

காவி எரிச்சலுக்குக் குளுமையாக இருக்கலாம், ஆனால் வைரஸ் கிளம்பும் இடத்துக்கு அது போகாது. கொப்புள நீர் பட்டால் குழந்தைக்குச் சின்னம்மை வரலாம், அக்கி அல்ல. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தள்ளியே வைத்திருங்கள்.